சுக்கான் பிடிக்க இருவர்

உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய பின்னர் எங்கே, எவ்வாறு வாழ்வது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சமூகத்தாரும் ஒவ்வொரு விடை கண்டிருக்கின்றனர். நம் முன்னோர் வானப்பிரஸ்தம் என்றனர். இன்று வெள்ளவத்தையில் வாழும் நம்மவர் பலர், பிள்ளைகள் இருக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பயணமாகின்றனர். அங்கே குடியேறி முதுமை எய்தியவர்களோ, மார்கழிக் குளிருக்குத் தப்பி இங்கே வந்து, காலி வீதியை அடுத்த தொடர்மாடி வீடுகளின் பூட்டைத் திறக்கின்றனர். வட அமெரிக்காவில் ஒரு சாரார் கண்ட விடை சற்று விசித்திரமானது. அவர்கள் படகையே வீடாக்கிக் கொண்டனர்.

ஐக்கிய அமெரிக்காவின் கீழ்க்கரையோரமாக, வேர்ஜீனியாவின் நோர்போக் நகரிலிருந்து மயாமி வரை, ஏறத்தாழ 1,100 மைல் நீளமான உள்நாட்டு நீர்வழியொன்று உண்டு. கொழும்பையும் நீர்கொழும்பையும் இணைக்கும் பழைய வாய்க்காலை மனத்திற் கொண்டால் அதன் தன்மை ஒருவாறு விளங்கும். ஆறுகளும் களப்புகளும் வெட்டுவாய்க்கால்களும் தொடுக்கப்பட்ட வழி அது. அப்பகுதியிற் புயற்காலம் யூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆதலால் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இளைப்பாறிய தம்பதியர் இலையுதிர் காலத்திற் புறப்பட்டு, மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி, புயற்காலம் முடியும் வேளையில் புளோரிடாவையோ பகாமாத் தீவுகளையோ அடைவர். பகாமாவில் ஜோர்ஜ் ரவுணை அடுத்த எலிசபெத் துறையில் மாரிதோறும் நூற்றுக்கணக்கான படகுகள் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். காலைதோறும் வானொலிக் கருவியில் ஒருவரையொருவர் அழைத்து, காற்றின் நிலையையும் ஊர்ச் செய்தியையும் பரிமாறிக் கொள்வர்.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமான சீவியமன்று. மலாயாக் கரையிலிருந்து வாடைக்காற்றைப் பாய்களில் ஏந்தி மேற்கே செல்லும் உல்லாசப் படகுகள் காலித் துறைமுகத்திலே தங்கிச் செல்வதுண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்க, வல்வை மாலுமிகளே அதனை அத்திலாந்திக் கடல் கடந்து, 1938 இல் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைக்குக் கொண்டு சேர்த்தனர்.

படகு வாழ்க்கை இன்பமயமானதென்று எண்ணிவிடலாகாது. நன்னீரை அளந்து செலவிட வேண்டும். உப்புக்காற்று இரும்பையும் துணியையும் ஒருங்கே அரிக்கும். நள்ளிரவிற் காற்றுத் திசைமாறினால் எழுந்து நங்கூரத்தைப் பார்க்க வேண்டும். எழுபது வயதில் இவையெல்லாம் சிறு காரியங்களல்ல. ஆயினும் அவர்களுட் பொறுப்புள்ளவர்கள் கைக்கொள்ளும் ஒரு விதி என் உள்ளத்தைக் கவர்ந்தது. படகிலே ஒருவர் மட்டும் அறிந்த வேலை என்று ஒன்று இருத்தலாகாது என்பதே அவ்விதி. கணவன் நெஞ்சுவலியால் வீழ்ந்தால், மனைவி இயந்திரத்தை இயக்கவும், சுக்கானைப் பிடிக்கவும், வானொலியில் உதவி கேட்கவும் அறிந்திருக்க வேண்டும். மனைவி நோயுற்றால், அடுப்பு மூட்டவும் மருந்துப் பெட்டியைக் கையாளவும் கணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுக்கடலில் அயலவர் இல்லையல்லவா?

நம் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். வங்கிப் புத்தகம் எங்கே, காணி உறுதி எவரிடம், மின்சாரக் கட்டணம் எப்போது என்பவை ஐயாவுக்கு மட்டுமே தெரியும். அரிசி எத்தனை கொத்து, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பவை அம்மாவுக்கு மட்டுமே தெரியும். நாற்பது ஆண்டுகள் இவ்வாறு ஓடிவிடுகின்றன. ஒருநாள் ஒருவர் மறைகின்றார். எஞ்சியவர் துயரத்தோடு திகைப்பையும் சுமக்கின்றார். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான சட்டம் இந்நாட்டில் 1898 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அவ்வூதியத்தைப் பெறுவதற்கு விவாகப் பதிவுப் பத்திரமும் ஏனைய ஆவணங்களும் வேண்டும். அவை எந்த அலுமாரியில் இருக்கின்றன என்பதை அறியாத மனைவியர் நம்மிடையே எத்தனை பேர்! பசித்தபோது ஒரு கோப்பை கஞ்சி காய்ச்சத் தெரியாது, மகளின் வரவை எதிர்பார்த்திருக்கும் கணவன்மாரும் எத்தனை பேர்! அந்த மகளோ கடல் கடந்து வாழ்கின்றாள்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. வாரத்தில் ஒரு நாள் இருவரும் வேலைகளை மாற்றிச் செய்யலாம். அம்மா வங்கிக்குச் செல்லட்டும். ஐயா சமையலறைக்குட் புகட்டும். பத்திரங்களின் விபரத்தை ஒரு கொப்பியில் எழுதி, இருவரும் அறிந்த இடத்தில் வைக்கலாம். இதனை அமங்கலமென்று சிலர் ஒதுக்குவர். புயலைப் பற்றிப் பேசுவதால் புயல் வருவதில்லை என்பதைக் கடலோடிகள் அறிவர். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த தம்பதியர் வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கொப்பியைத் தொடங்குவாராயின், இப்பத்தியை எழுதியதன் பயன் கிட்டியதாகும்.