அளவுநாடாவுக்கு முன் பத்திரம்

வாஷியில் சிட்கோ நிறுவனம் மனைகளை விற்கவில்லை. 60 ஆண்டுக் குத்தகைக்கே அளித்தது. ஆகவே இங்கே வீட்டை மதிப்பிடுபவர், அளவுநாடாவை எடுக்குமுன் குத்தகைப் பத்திரத்தைப் படித்தாக வேண்டும். எஞ்சிய ஆண்டுகள் எத்தனை, பெயர் மாற்றத்திற்குச் சிட்கோவின் ஒப்புதல் உண்டா என்பவற்றை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுவது நலம், பின்னிணைப்பில் அன்று. பரப்பளவோ, தரகர் கூறும் ‘சூப்பர் பில்ட்-அப்’ கணக்கில் அல்லாமல், 2016-ஆம் ஆண்டின் ரேரா சட்டம் வரையறுத்த கார்ப்பெட் ஏரியாவாகவே இருக்கட்டும்.

75 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ‘சற்றே கூட்டி எழுதுங்கள்’ என்னும் வேண்டுகோள் பிறப்பது இங்கேதான். அதற்கு இணங்கும் மதிப்பீட்டாளர் வாடிக்கையாளருக்கு உதவுவதாக எண்ணலாம். கூடுதல் கடனுக்கு மாதந்தோறும் தவணை கட்டப்போகிறவர் அந்த வாடிக்கையாளரே.