பாரதம் கேட்ட ஊரில் பாரதம் படிக்க இடம் இருக்கா?

எளாவூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சோதனைச்சாவடிதான். அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதைச் சுற்றி மீனவர் குப்பங்களும் இருக்கின்றன. திருவள்ளூர் தொடங்கி இந்த வட மாவட்டங்களில் மகாபாரதம் என்பது படித்த கதை இல்லை, கேட்ட கதை. திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைச் சொல்லி, அர்த்தம் சொல்லி, நடுவில் ஊர்க்கதையையும் சேர்ப்பார். சந்தையில் விற்ற ‘பெரிய எழுத்து’ புத்தகங்களும் இதே வழிதான். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தர் படிப்பார், திண்ணையில் பத்துப் பேர் கேட்பார்கள்.

நூலகத்தில் மட்டும் ‘அமைதி காக்கவும்’ பலகை.

நூலகத்துக்கு யார் காசு?

மக்கள் காசுதான். எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரி. வீட்டு வரி கட்டும் குப்பத்து வீடும் நூலகத்துக்குப் பணம் கொடுக்கிறது. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல பூட்டியே கிடந்தது ஊரறிந்த கதை.

திறந்திருக்கும் நூலகங்களில் இப்போது நாற்காலியைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் குரூப்-4 எழுதும் பிள்ளைகள். அதில் தப்பே இல்லை. வலையை நம்பி வாழும் வீட்டுக்கு ஓர் அரசு வேலை பெரிய விஷயம். ஆனால் கைடில் மணிமேகலை ஒரு மார்க் கேள்வி. ‘இயற்றியவர் யார்? சீத்தலைச் சாத்தனார்.’ அவ்வளவுதான். இந்திர விழா எடுக்க மறந்ததால் புகார் நகரைக் கடல் கொண்டுபோன கதை அதே காப்பியத்தில் இருக்கிறது. கப்பல் கவிழ்ந்தவரைக் காப்பாற்றிய கடல் தெய்வத்தின் பெயரைத்தான் கோவலன் மகளுக்கு வைத்தார்கள். கடலோரப் பிள்ளைக்கு இது எப்படி வெறும் ஒரு மார்க் ஆகும்?

“எல்லாம் போன்லயே இருக்கே?”

இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் இலவசம். ஆனால் சந்தி பிரிக்காத செய்யுளைத் தொடுதிரையில் திறந்தால் முதல் வரியிலேயே மூச்சு முட்டும். புத்தகம் கிடைத்துவிட்டது, சொல்லித் தர ஆள் இல்லை. அந்த வேலையைத்தான் பிரசங்கியார் செய்துகொண்டிருந்தார்.

எனவே பொது நூலகத் துறையும் ஊராட்சிகளும் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்காத காரியம். வாரத்தில் ஒரு மாலை, தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசலிலோ மரத்தடியிலோ, வாய்விட்டு வாசிக்க ஒரு மணி நேரம். பிரசங்கம் தெரிந்த பெரியவருக்கு அதற்கொரு மதிப்பூதியம். அலமாரியில் பதம் பிரித்து உரை எழுதிய மலிவுப் பதிப்பு. ஆந்திர எல்லை என்பதால் தெலுங்கு பேசும் வீடுகளும் இங்கே உண்டு. நன்னய்யா, திக்கனா, எர்ரனா மூவரும் சேர்ந்து தந்த தெலுங்கு பாரதமும் அதே அலமாரியில் இருக்கட்டும்.