அப்பா வாட்ச்சைத் திறக்குமுன்...

பீளமேட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: ‘‘ஏனுங்ணா, அப்பாவோட சாவி குடுக்கற வாட்ச் நின்னு போச்சுங்க. நானே கழட்டிப் பார்க்கலாம்னு இருக்கறனுங்க. நல்ல புஸ்தகம் ஏதாச்சும் சொல்லுங்க.’’

முதலில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கச் சொன்னேன். பிறகு மூன்று இங்கிலீஷ் புத்தகங்களைச் சொன்னேன்.

ஒன்று, டாவா சோபெல் எழுதிய ‘லாஞ்சிட்யூட்’ (1995). நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரிய, புறப்பட்ட ஊரின் நேரம் சரியாகத் தெரிய வேண்டும். கடிகாரம் 4 நிமிஷம் பிசகினால் ஒரு டிகிரி போச்சு. பூமத்திய ரேகைப் பக்கம் அது சுமார் 111 கிலோமீட்டர். கோவைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஈரோட்டில் இறங்குகிற மாதிரி! இதைத் தீர்ப்பவருக்கு 1714-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் தீர்த்தார். பாக்கிப் பணம் கைக்கு வந்தது 1773-ல், அவருடைய 80-வது வயதில். பி.எஃப். லேட் என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

இரண்டு, வினய் காமத்தின் ‘டைட்டன்’ (2018). டாடாவும் நம்ம ‘டிட்கோ’வும் கூட்டுச் சேர்ந்து ஓசூரில் வாட்ச் செய்த கதை. சாவி கொடுக்கும் வாட்ச்சை குவார்ட்ஸ் எப்படி மேஜை டிராயருக்குள் தள்ளியது என்பது புரியும்.

மூன்று, டொனால்ட் டி கார்லின் ‘ப்ராக்டிகல் வாட்ச் ரிப்பேரிங்’. இதுதான் கையில் அழுக்குப் படுகிற புத்தகம். எதை எந்த வரிசையில் கழட்டுவது, எங்கே எவ்வளவு எண்ணெய் என்று படம் போட்டுச் சொல்கிறது. மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை மெல்ல இறக்காமல் கை வைத்தால் சக்கரங்கள் சர்ரென்று சுற்றிப் பல் உடையும். எண்ணெய் ஊசிமுனையளவுதான். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்!

படித்ததும் அப்பா வாட்ச்சில் பாயாதீர்கள். உபயோகமில்லாத பழைய வாட்ச் ஒன்றை வாங்கிப் பழகுங்கள். நம்ம அப்பாக்கள் பலர் கட்டியது ஹெச்.எம்.டி. 1961-ல் பெங்களூரில் ஆரம்பித்த அந்த வாட்ச் தொழிலை மூட 2016-ல் அரசு முடிவெடுத்தது. இன்று ஒரு ‘ஜனதா’வுக்கு ஸ்பேர் வேண்டுமென்றால் அநேகமாக இன்னொரு ‘ஜனதா’வைத்தான் பிரிக்க வேண்டும்.

நாலாவது புத்தகம் உங்கள் தெருமுனையில், கண்ணில் லென்ஸோடு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர். ‘‘ஏனுங்கய்யா...’’ என்று மரியாதையாக ஆரம்பித்தால் பக்கம் பக்கமாகத் திறப்பார். சீக்கிரம் போங்க. இதற்கு மறுபதிப்பு கிடையாதுங்க.