துளை ஒன்று, மொழி பலவா?

குலசேகரத்துப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தோழர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். விடியுமுன் தோட்டத்தில் நிற்கவேண்டியவர். தலையில் கட்டும் டார்ச் அணைந்தால் அன்றைய கூலியும் அணைந்தது. புதிதாக வாங்கிய டார்ச்சில் ‘சி’ துளை. மகனுடைய கைபேசியிலும் அதே துளை. மகனுடைய சார்ஜரில் இரவெல்லாம் செருகி வைத்தார், இம்மியும் ஏறவில்லை. கடைக்காரரிடம் கேட்டாராம். “அது 65 வாட்டு அண்ணே, டார்ச்ச எரிச்சுப் போடும். தனிச் சார்ஜர் ஒண்ணு எடுத்துக்கிடுங்க” என்றாராம் அவர்!

எரிக்குமா? எரிக்காது தோழர்களே! பக்கத்திலேதானே இருக்கிறது பேச்சிப்பாறை அணை? அங்கே நீர் நிரம்பி நிற்பதாலேயே நாஞ்சில் நாட்டு வயல் மூழ்கிவிடுகிறதா? உழவன் மடையை எவ்வளவு திறக்கிறானோ அவ்வளவுதானே பாயும்? 65 வாட் என்பது சார்ஜரின் கையிருப்பு, கட்டளை அல்ல.

நடப்பதைச் சொல்கிறோம். இரு முனையும் ‘சி’யாக உள்ள கேபிளைச் செருகியவுடனே சார்ஜர் மின்சாரத்தைக் கொட்டுவதில்லை. எதிரே ஆள் இருக்கிறானா என்று முதலில் பார்க்கிறது. வாங்கும் கருவிக்குள் இருக்கும் 5100 ஓம் மின்தடைதான் “இருக்கிறேன்” என்று குரல் கொடுக்கும் அடையாளம். அதைக் கண்ட பிறகே 5 வோல்ட் வருகிறது. பிறகு, அதற்கென்றே ஒதுக்கிய கம்பி வழியாகப் பேச்சுவார்த்தை! “5 வோல்ட் உண்டு, 9 உண்டு, 15 உண்டு, 20 உண்டு; இன்னின்ன ஆம்பியர் வரை தருவேன்” என்று சார்ஜர் பட்டியல் வாசிக்கிறது. கைபேசி தனக்கு ஏற்றதைக் கேட்கிறது. சார்ஜர் இசைகிறது, அழுத்தத்தை மாற்றி, “ஆயத்தம்” என்கிறது. பேசத் தெரியாத கருவியா? 5 வோல்ட்டோடு நிற்கும். 3 ஆம்பியருக்கு மேல் வேண்டுமானால், கேபிளும் தன்னுள் இருக்கும் சில்லு மூலம் தன் தகுதியைச் சொல்லியாகவேண்டும். திணிப்புக்கு இடமே இல்லை! (போலிச் சார்ஜருக்கு நாம் பொறுப்பல்ல, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இல்லாததைத் தொடாதீர்கள்.)

அப்படியானால் அந்த டார்ச் ஏன் ஏறவில்லை? செய்தவன் மின்தடையை விழுங்கிவிட்டான்! சில காசு மிச்சம் அவனுக்கு. ஒரு நாள் கூலி நட்டம் நம் தோழருக்கு. பழைய அகலத் துளைச் சார்ஜரோ கேள்வி கேளாமல் 5 வோல்ட் தருவது. அதில் செருகச் சொல்லி அனுப்பினோம்; ஏறியது.

இது சின்ன முதலாளியின் திருட்டு. பெரிய முதலாளிகள் சிலரின் தந்திரம் வேறு. துளையைப் பொதுவாக்கிவிட்டு, விரைந்து ஏற்றும் மொழியைத் தன் சார்ஜருக்கு மட்டும் கற்றுக்கொடுப்பது. வேறு சார்ஜரில் செருகினால் ஆமை வேகம்!

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் செய்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைபேசிக்கு ‘சி’ துளை கட்டாயம். துளையோடு விட்டார்களா? இல்லை, 15 வாட்டுக்கு மேல் ஏற்றும் கருவி பொது மொழியையும் பேசியாகவேண்டும் என்றார்கள். நம் அமைவனமும் ‘சி’ துளைக்குத் தரம் வெளியிட்டது. தரம் ஏட்டில் இருந்தால் போதுமா? குலசேகரத்துக் கடையில் தொங்கும் டார்ச்சுக்குள் இருக்கவேண்டாமா? அடையாளம் காட்டாத கருவிக்கும், பொது மொழி பேசாத கைபேசிக்கும் ‘சி’ துளை கூடாது என்று டில்லி சொல்லட்டும்.

சொல்லும் வரை, கடைக்குப் போகும் தோழர்கள் இரு முனையும் ‘சி’யாக உள்ள கேபிளையும் சார்ஜரையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அங்கேயே செருகிப் பாருங்கள். ஏறவில்லையா? வாங்காமல் வைத்துவிட்டு வாருங்கள்!