திரைச்சுவரில் நம் பெயர்

பள்ளி மாணவர்களின் குறிப்பேட்டு அட்டைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பலூனைப்போல் உப்பிய எழுத்துகளில் பலர் தம் பெயரை வரைந்திருப்பார்கள். சிலருடைய எழுத்துகள் அம்புபோல் கூர்மையாக இருக்கும். தமிழ் மாணவர்களும் அப்படி வரைகிறார்கள். ஆனால், பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். காரணம் கேட்டால், "தமிழ் எழுத்து அதற்குச் சரிப்பட்டு வராது" என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. படத்திருத்த மென்பொருளின் துணையோடு தமிழ் எழுத்துகளையும் கிராஃபிட்டி பாணியில் அழகாக வரையலாம். மாணவர்கள் அவ்வாறு வரைந்து பழகவும் வேண்டும் என்பதே என் கருத்து.

கிராஃபிட்டி என்பது சுவரில் எழுத்துகளையும் படங்களையும் வரையும் கலை. 1960களின் இறுதியிலும் 1970களிலும் நியூயார்க் நகர இளையர்கள் சுவர்களிலும் ரயில் பெட்டிகளிலும் தம் பெயர்களை எழுதினார்கள். அவர்களுள் ஒருவர் 'டாக்கி 183' என்று எழுதிவந்தார். 183 என்பது அவர் வசித்த தெருவின் எண். 1971இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. பெயர் எழுதும் ஆசையிலிருந்து வளர்ந்த கலை இது. அப்படியிருக்க, நாம் நம் பெயரைத் தேர்வுத்தாளில் மட்டும் தமிழில் எழுதினால் போதுமா?

பிறருடைய சுவரில் அனுமதியின்றி எழுதுவது குற்றம் என்பதை மறக்கக்கூடாது. சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு அபராதம், சிறை, பிரம்படி ஆகியவை விதிக்கப்படலாம். முறையாக வரையப்பட்ட சுவரோவியங்களை லிட்டில் இந்தியாவிலும் கம்போங் கிளாமிலும் காண்கிறோம். ஆனால், எல்லா மாணவர்களுக்கும் அத்தகைய சுவர் கிடைக்காது. கணினித்திரையோ யாருக்கும் இடையூறு தராத சுவர். அங்கே தவறு செய்தால் ஒரு சொடுக்கில் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கிம்ப், கிரிட்டா போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் உங்கள் பெயரைத் தாளில் பென்சிலால் தடித்த எழுத்துகளாக வரையுங்கள். அதைப் படம்பிடித்து மென்பொருளில் அடி அடுக்காக வையுங்கள். அதன்மேல் புதிய அடுக்குகளைச் சேர்த்து, ஒன்றில் கோடுகளையும் அதற்குக் கீழுள்ள ஒன்றில் வண்ணத்தையும் மற்றொன்றில் நிழலையும் தீட்டுங்கள். நிழல் முழுவதும் ஒரே பக்கம் விழுந்தால்தான் எழுத்து சுவரிலிருந்து புடைத்து நிற்பதுபோல் தோன்றும். இறுதியாகச் செங்கல் சுவரின் படத்தைப் பின்னணியாக வைக்கலாம்.

தமிழ் எழுத்துகள் இக்கலைக்கு ஏற்றவை. 'தமிழ்' என்ற சொல்லையே பாருங்கள். 'மி'யின் வளைவு மேலே எழுகிறது. 'ழ'வின் வால் கீழே இறங்குகிறது. கிராஃபிட்டிக் கலைஞர்கள் ஆங்கில எழுத்துகளில் வாலும் அம்பும் புதிதாகச் சேர்க்கிறார்கள். நமக்கு அவை எழுத்திலேயே அமைந்திருக்கின்றன.

எனினும், அலங்காரம் எழுத்தை விழுங்கிவிடக் கூடாது. நான் முதன்முறை 'பொங்கல்' என்று வரைந்தபோது, வண்ணம் சிதறியதுபோல் சுற்றிலும் பல பொட்டுகளை இட்டேன். என் பாட்டி அதை உற்றுப் பார்த்து, "இதுல எது புள்ளி, எது சாயம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அவர் கேள்வி நியாயமானது. புள்ளியை இழந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். கொம்பின் சுழி மாறினால் 'கொடி' என்பது 'கோடி' ஆகிவிடும். அதன்பின் புள்ளிகளைத் தனி அடுக்கில், தனி வண்ணத்தில் வரையத் தொடங்கினேன். எழுத்தின் எலும்பு தெரிந்தவரால்தான் அதற்கு விதவிதமான உடை அணிவிக்க முடியும்.

இப்படி வளைத்தும் நெளித்தும் எழுதினால் தமிழ் எழுத்தின் தூய்மை கெட்டுவிடும் எனச் சிலர் அஞ்சுகிறார்கள். அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், நம் எழுத்து எழுதுகருவிக்கு ஏற்ப வடிவம் மாறியே வந்துள்ளது. ஓலை கிழியாமலிருக்கச் சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதினார்கள். யானைத் தும்பிக்கைபோல் எழுதப்பட்ட பழைய 'லை' இன்றைய வடிவத்தைப் பெறத் தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை வெளிவந்தது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் அவ்வடிவத்தை ஏற்றன. மேலும், பாடத்தில் எழுதும் எழுத்தை யாரும் மாற்றச் சொல்லவில்லை. கிராஃபிட்டி ஓர் அலங்காரம் மட்டுமே.

வேறு சிலர், "ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியே வரைந்து தருமே, நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?" என்று கேட்கலாம். ஆயத்த வடிவங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கே கிடைக்கின்றன. தமிழுக்குக் கிடைத்தாலும் அது வேறொருவரின் கைவண்ணம். நாமே வரையும்போதுதான் 'ண'வுக்கு எத்தனை சுழி, 'ன'வுக்கு எத்தனை சுழி என்று நின்று பார்க்கிறோம்.

ஆகவே, அடுத்த முறை குறிப்பேட்டு அட்டையை அலங்கரிக்க நினைக்கும்போது, உங்கள் பெயரைத் தமிழில் வரைந்து பாருங்கள். வரைந்ததும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் தடுமாறாமல் படித்துவிட்டால், உங்கள் முயற்சி வெற்றி பெற்றது என்று பொருள்.