சிப்காட் சிக்கல்களையும் ஹேக்கத்தானுக்குக் கொடுங்கள்

கவரைப்பேட்டையிலும் புதுவாயலிலும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. மின்சார ரயிலில் லேப்டாப் பையும் டிபன் கேரியரும் இடித்துக்கொண்டுதான் வருகின்றன. ஆனால் இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலையில் நான் ஃபர்னஸ் சூப்பர்வைசர். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கான கல்லூரித் தேர்வில் அவள் அணியும் கலந்துகொண்டது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய போட்டி இது. அமைச்சகங்களும் நிறுவனங்களும் சிக்கல்களைப் பட்டியல் போடும். ஆறு பேர் சேர்ந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். ஆறில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. அந்த ஒரு பெண்ணைப் பிபிடி போட மட்டும் உட்காரவைக்கும் அணிகளை எந்த விதி தடுக்கும் என்பது வேறு கதை.

மகள் அணி எடுத்தது, இலையைப் படம் பிடித்தால் பயிர் நோயைச் சொல்லும் செயலி. ஆறு பேரில் ஒருவர் வீட்டிலும் நிலம் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த படங்களை வைத்தே பழக்கினார்கள். பின்னணியில் மண்கூட இல்லாத, சுத்தமான இலைகள். டெமோ அருமையாக ஓடியது. நெல் வயலில் ஓடுமா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் யார்டில் இருக்கும் சிக்கலைச் சொல்கிறேன். லாரியில் வந்து இறங்கும் ஸ்கிராப்பில் ஷாக் அப்சார்பர், மூடிய சிலிண்டர், தண்ணீர் தேங்கிய குழாய் எல்லாம் கலந்திருக்கும். அதில் ஒன்று தப்பி ஃபர்னஸில் விழுந்தால், அடைபட்ட காற்றும் நீரும் நொடியில் விரிந்து வெடிக்கும். 1600 டிகிரி சூட்டில் இருக்கும் இரும்பு ஆள் மேல் தெறிக்கும். இதைத் தடுக்க எங்களிடம் இருப்பது பீகார், ஒடிசாவிலிருந்து வந்த காண்டிராக்ட் தொழிலாளியின் கண் மட்டும்தான். வெயிலில் ஷிப்ட் முழுக்கக் குவியலைக் கிளறிய கண் கடைசி மணி நேரத்தில் எதைப் பார்க்கும்? குவியலைப் படம் பிடித்து, மூடிய பொருளைக் காட்டிக்கொடுத்து, இந்தியிலோ ஒடியாவிலோ குரல் கொடுக்கும் கருவி ஒன்று போதும். இலையில் புள்ளியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது எட்டாத வேலையல்ல.

இன்னொன்று மின்கட்டணம். உச்ச நேரத்தில் யூனிட்டுக்குக் கூடுதல், இரவில் தள்ளுபடி. எந்த ஹீட்டை, அதாவது ஒரு தடவை உருக்கும் இரும்பை, எப்போது ஏற்றுவது என்பதை அனுபவத்தில்தான் முடிவுசெய்கிறோம். அதையும் கணக்காகப் போட்டுத் தரலாம்.

ஐசிபிசி மாதிரி புரோகிராம் எழுதும் போட்டிகள் வேறு. மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். அது மூளைப் பயிற்சி, அதற்கு ஆலை எதற்கு? ஹேக்கத்தானை ஊர்ச் சிக்கலுக்குத் தீர்வு என்று சொல்லித்தானே நடத்துகிறார்கள்? மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் நிரல் திருவிழா என்ற ஹேக்கத்தான் நடக்கிறது. அதில் ஒவ்வொரு சிப்காட்டிலிருந்தும் சிக்கல்களை வாங்கிச் சேர்க்கட்டும். நடுவர்களில் ஒருவராவது ஷிப்ட் பார்க்கிறவராக இருக்கட்டும். பரிசில் பாதியை, கருவி ஆறு மாதம் ஓடிய பிறகு கொடுக்கட்டும்.

முதலாளிகள் தயங்குவார்கள். கேமரா வைத்தால் ஹெல்மெட் போடாத ஆளும் கூரைக்கு மேலே போகும் புகையும் சேர்ந்தே பதிவாகும். அதனால் ஆலைக்குள்ளே வேண்டாம், யார்டில் லாரி கொட்டும் இடத்தில் தொடங்கலாம் என்கிறேன். மாணவர்கள் வந்தால் கேமராக் கம்பம் நடும் இடத்தை நானே காட்டுகிறேன். தூசியில் லென்ஸ் மதியத்துக்குள் கறுத்துவிடும். அழுக்கான படத்திலும் சிலிண்டரை அடையாளம் காணும்படிதான் புரோகிராம் எழுத வேண்டியிருக்கும்.