கொடுத்தால் மட்டும் போதுமா?

இரத்ததானம் என்றால் நம் மாணவர்களுக்குத் தனி உற்சாகம். நாட்டு நலப்பணித் திட்டத்தார் முகாம் அறிவித்தால் போதும். வரிசை வராந்தாவைத் தாண்டி நீளும். எத்தனை யூனிட் கொடுத்தோம் என்பதை ஆண்டறிக்கையில் பெருமையோடு படிக்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கொடுத்த இரத்தம் அதற்குப் பொருத்தமான உடலுக்குள்தான் போகிறது என்பதற்கு யார் சாட்சி? அந்தச் சாட்சியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பதுதான் என் குறை.

மனித இரத்தம் எல்லாம் ஒன்றல்ல என்பதை 1901-ல் வியன்னாவில் காட்டியவர் கார்ல் லான்ட்ஸ்டைனர். அன்று முதல் ஒருவரின் பிரிவை அறிய இரண்டு வழிகள். நோயாளியின் அணுக்களைத் தெரிந்த சீரத்தோடு சேர்த்துப் பார்ப்பது ஒன்று. நோயாளியின் சீரத்தைத் தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு சேர்த்துப் பார்ப்பது மற்றொன்று. இரண்டு விடைகளும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காரணம் தெரியும்வரை பிரிவை எழுதக் கூடாது. இந்தத் 'தெரிந்த அணுக்கள்'தாம் நான் சொல்லும் சாட்சி.

இவற்றின் அருமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1952-ல் டாக்டர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் 'பம்பாய் வகை' என்ற அரிய பிரிவைக் கண்டறிந்தனர். முதல் சோதனையில் அது 'ஓ' போலவே தோன்றும். ஆனால் அவர்களது சீரம் 'ஓ' அணுக்களையும் திரளச் செய்யும். மேசைமேல் நல்ல 'ஓ' அணுக்கள் இல்லையென்றால் உண்மை வெளிவராது; சாதாரண 'ஓ' இரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

சாட்சி பிறழாதிருக்க வேண்டுமே! இந்த அணுக்களை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். உறைந்தால் அணுக்கள் வெடித்துவிடும். வெப்பம் கூடினால் கெட்டுவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீர் சிவந்திருந்தால் அந்தக் குப்பி உதவாது. நாட்பட நாட்பட அணுவின் மேலுள்ள சில அடையாளங்கள் மங்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், திரள வேண்டியது திரள்கிறதா, திரளக் கூடாதது திரளாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, ஒழுங்கு தேவை.

"இது ஆய்வுக்கூடத்தார் வேலை, நமக்கென்ன?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரமடைத் தேரில் வடம் பிடிப்போரைத்தான் எல்லாக் கண்களும் பார்க்கின்றன. சக்கரத்துக்குக் கட்டை போடுபவரை யார் பார்க்கிறார்கள்? அவர் கை தவறினால் தேர் என்னாகும்?

இன்னொரு காரணமும் உண்டு. அது நம் ஊருக்கே உரியது. நமக்கு மேற்கே மலையில் இருளர் ஊர்கள் இருக்கின்றன. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு இருப்பதை லேமனும் கட்புஷும் அதே 1952-ல் வெளியிட்டனர். அந்த நோய் முற்றிய பிள்ளைகள் சிலருக்கு மீண்டும் மீண்டும் இரத்தம் ஏற்ற நேரிடும். ஏற்ற ஏற்ற, ஏ, பி-யைத் தவிர்த்த பிற அடையாளங்களுக்கு எதிராகவும் அவர்கள் உடலில் எதிர்ப்பொருள் தோன்றலாம். அதைக் கண்டுபிடிக்க, பல அடையாளங்களும் முன்பே அறியப்பட்ட 'ஓ' அணுக்கள் வேண்டும். பலருடையதை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே சோதிக்க வேண்டும். கலந்தால் மெலிந்த எதிர்ப்பொருள் கண்ணுக்குத் தப்பிவிடும். சந்தையில் கிடைக்கும் தொகுப்புகளில் பல, வெளிநாட்டுக் கொடையாளரின் இரத்தத்திலிருந்து செய்தவை. நம் மக்களின் அடையாளங்கள் எல்லாம் அவற்றில் அடங்கும் என்று எப்படிச் சொல்வது?

எனவே என் கருத்து இதுதான். முகாமில் யூனிட்டை மட்டும் எண்ணாதீர்கள். 'ஓ' பிரிவு மாணவர்கள் தங்கள் அணுக்களின் பிற அடையாளங்களையும் சோதிக்க இசைந்து, இரத்த வங்கி கேட்கும்போது ஒரு சிறு குழாய் அளவு கொடுக்க முன்வர வேண்டும். மலையூர் இளைஞர்களையும் இதில் சமமாகச் சேர்க்க வேண்டும். தினசரிச் சோதனை செய்யும் ஆய்வக நுட்பாளருக்குப் போதிய துணையாளும், மின்வெட்டைத் தாங்கும் குளிர்பெட்டியும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

கொடுப்பது அன்பு. கொடுத்ததைச் சரிபார்ப்பது பொறுப்பு. அன்பில் நாம் குறைவில்லாதவர்கள். பொறுப்பிலும் அப்படியே விளங்குவோம்!